கேமராவுக்கு லட்சம், ஸ்டாண்டுக்கு ஆயிரமா?

கல்யாண சீசன் முடிஞ்சு பசங்க அவங்கவங்க ஆசைக்கு படம் எடுக்கக் கெளம்புற நேரத்துல எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே மாதிரி தான் இருக்கும். "அண்ணே, புது லென்ஸ் வாங்கினேன், ஷார்ப்பே இல்ல, சர்வீசுக்குக் குடுத்துறலாமா?" படத்தை அனுப்பச் சொல்லி லேப்டாப்புல 100 பர்சென்ட்ல தொறந்து பாப்பேன். போகஸ் தப்புன்னா எங்கயாவது ஒரு எடம் ஷார்ப்பா விழுந்திருக்கும், முன்னாடியோ பின்னாடியோ. இதுல அப்படி ஒரு எடமும் இருக்காது, தெருவிளக்கு ஒவ்வொண்ணும் புள்ளியா இல்லாம குட்டிக் கோடா இருக்கும், அத்தனை கோடும் ஒரே பக்கமா இழுத்திருக்கும். லென்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல. கேமராவ ஏத்தி நிறுத்துற மூணு கால் ஸ்டாண்டு, அதான் ட்ரைபாட், ஆடியிருக்கு.

கல்யாணம், கோயில், கடல்னு இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், ஆடுற ஸ்டாண்டு, ஸ்டாண்டே இல்லாததை விட மோசம். கையில புடிச்சா ஆடும்னு நமக்கே தெரியும், அதனால படத்தோட வெளிச்சத்தைக் கூட்டுற ஐஎஸ்ஓவ ஏத்துவோம், ஷட்டர் ஸ்பீடு கூட்டுவோம், நாலு படம் சேர்த்து அடிப்போம். ஸ்டாண்டுல ஏத்திட்டா நம்பிடுறோம், ஐஎஸ்ஓ 100ல வச்சு அரை செகண்டு ஓட விட்டு ஒரே ஒரு படம் எடுத்துட்டு வந்துடுறோம். வீட்டுக்கு வந்து பாத்தா தான் தெரியும், அப்போ அந்த வெளிச்சம் போயிருக்கும்.

எவ்வளவு ஆடினா படம் கெடும்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாப்போம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார்ல ஒரு பிக்சலோட அகலம் 6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஆறு பங்கு. 200 எம்எம் லென்ஸ் போட்டிருக்கீங்க, லென்ஸ் நீளம் ஒரு 20 சென்டிமீட்டர்னு வைங்க. கேமரா நின்ன எடத்துல நிக்க, லென்ஸோட மூக்கு மட்டும் அதே 6 மைக்ரான் கீழ எறங்குனா படம் ஒரு பிக்சல் நகந்துடும். நம்ம தலைமுடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல அது. கண்ணுக்குத் தெரியற ஆட்டம் இருந்தா பத்து இருபது பிக்சல் போயிருக்கும்னு அர்த்தம்.

கடையில என்ன நடக்குதுன்னா, டப்பாவுல "8 கிலோ தாங்கும்"னு போட்டிருக்கும், நம்ம கேமராவும் லென்சும் சேந்து ரெண்டு கிலோ தான், போதுமேன்னு வாங்கிடுறோம். நானும் ஆரம்பத்துல அப்படித்தான் 1500 ரூபாய்க்கு ஒண்ணு வாங்குனேன். அந்த 8 கிலோவுக்குப் பொதுவான அளவுகோல் ஒண்ணும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அதது சொந்தக் கணக்குல போடுற நம்பர் தான். அதுல பெரும்பாலும் தெரியறது கீழ விழாம தாங்கும்ங்கறது மட்டும் தான். மூங்கில் கழியில 8 கிலோ பையைத் தொங்க விட்டா அதுவும் தாங்கும், ஆனா ஆடும் இல்லையா. நமக்கு வேண்டியது விறைப்பு. அதை டப்பாவுல எவனும் எழுதுறதில்ல, நாமளே தான் தொட்டுப் பாக்கணும்.

விறைப்பு எங்க இருந்து வருதுன்னா கால் குழாயோட தடிமன்ல இருந்து. சுவரோட கனம் அதேதான்னு வச்சுக்கிட்டா குழாயோட விட்டம் ரெண்டு மடங்கானா வளையாத தன்மை எட்டு மடங்கு ஏறும், 22 எம்எம் குழாய்ல இருந்து 28 எம்எம்முக்குப் போனாலே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால மேல் குழாய் எவ்வளவு எம்எம்னு முதல்ல கேளுங்க. சின்ன கேமரா, சின்ன லென்ஸ்னா 25 சுத்தி போதும், 70-200 எம்எம் மாதிரி தூரத்தை இழுக்கற லென்ஸ் வச்சிருந்தா 28க்குக் கீழ போகாதீங்க, 150-600 வச்சுப் பறவை எடுக்கறவங்க 32க்குப் போறது நல்லது. அடுத்து கால்ல எத்தனை மடிப்பு, அதாவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற குழாய் எத்தனைன்னு பாருங்க. அஞ்சு மடிப்பு ஸ்டாண்டு பைக்குள்ள அடங்கிடும், பாக்க அழகா இருக்கும், ஆனா ஒவ்வொரு மடிப்புலயும் குழாய் ஒரு படி ஒல்லியாகுது, கடைசிக் கால் பேனா மாதிரி ஆயிடும், அதுவும் போக மடிப்பை இறுக்கிப் பூட்டுற ஒவ்வொரு லாக்கும் ஆட்டத்துக்கு ஒரு வாசல். மூணு மடிப்பு நல்லது, பஸ்ஸுல தூக்கிட்டுப் போறவங்களுக்கு நாலு சரி. அஞ்சு, ட்ரெக்கிங் போறவங்களுக்கு மட்டும்.

நடுவுல ஒரு கம்பி மேல ஏறி எறங்கும்ல, சென்டர் காலம்னு சொல்வாங்க, அதை ஏத்துனா மூணு கால் ஸ்டாண்டு ஒத்தக்கால் ஸ்டாண்டு ஆயிடுது. நெறைய பேரு செய்யற முதல் தப்பே இதுதான், காலை முழுசா இழுக்க சோம்பல்பட்டு நடுக்கம்பிய அப்படியே ஒரு அடி தூக்கிடுவாங்க. வாங்கும்போதே கம்பிய ஏத்தாமலே உங்க கண்ணு மட்டத்துக்கு வருதான்னு பாத்து வாங்குங்க. என் உயரம் 173 சென்டிமீட்டர், கண்ணு சுமார் 162ல இருக்கும், காலுக்கு மேல கேமராவைத் தாங்குற ஹெட்டு ஒரு 10, கேமராவோட அடியில இருந்து கண்ணை வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் வரைக்கும் ஒரு 8, ரெண்டையும் கழிச்சா 144. கால் மட்டும் நின்னு 144 வந்தாப் போதும் எனக்கு. உங்க உயரத்துக்கு இதே மாதிரி கழிச்சுப் பாத்துக்கோங்க.

அலுமினியமா கார்பனான்னு கேப்பாங்க. கார்பன் எடை கொறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், காலையில அஞ்சு மணிக்குக் குளிர்ல தொட்டா கை ஜில்லுன்னு ஆகாது. ஆனா ஒல்லிக் கார்பனை விட தடிச்ச அலுமினியம் மேல். காசு கொறைவா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு அலுமினியத்துக்குப் போங்க. இன்னொண்ணும் சொல்றேன், செகண்ட் ஹேண்ட்ல வாங்க ரொம்பத் தோதான சாமான்னா அது ஸ்டாண்டு தான், இதுல சென்சார் இல்ல, எத்தனை படம் எடுத்துத் தேஞ்சுதுன்னு பாக்குற ஷட்டர் கவுண்ட் இல்ல, நல்ல கம்பெனி ஸ்டாண்டு பத்து வருஷம் ஆனதா இருந்தாலும் லாக் வழுக்காம, காலுல வெடிப்பு இல்லாம இருந்தா தாராளமா வாங்கலாம்.

கால் நல்லா இருந்து ஹெட்டு சொத்தையா இருந்தா அத்தனையும் வீண். உருண்டை மேல எந்தப் பக்கமும் திரும்புற பால் ஹெட்டை டைட் பண்ணிட்டு கைய எடுத்த உடனே ஃப்ரேம் ஒரு விரக்கடை கீழ எறங்குதான்னு பாருங்க, எறங்குனா வேணாம். பில்டிங், கோயில் கோபுரம் எடுக்கறவங்களுக்கு மூணு கைப்பிடி வச்ச பான் டில்ட் ஹெட்டு தான் வசதி, ஒரு பக்கத்தை மட்டும் திருப்பலாம், மத்தது கலையாது. கேமராவுக்கு அடியில மாட்டுற ப்ளேட் ஆர்க்கா ஸ்விஸ்னு சொல்ற பரவலான மாடலா இருக்கட்டும், நாளைக்கு ஹெட்டை மாத்துனாலும் அதே ப்ளேட் பெரும்பாலும் ஓடும். கேமராவுல ஏறுற ஸ்க்ரூ 1/4 இஞ்ச், ஹெட்டும் காலும் சேர்ற ஸ்க்ரூ பெரும்பாலும் 3/8 இஞ்ச், ஹெட்டைத் தனியா வாங்கும்போது இதைக் கவனிங்க. பெரிய டெலி லென்ஸ்ல ஒரு வளையமும் அடியில பாதமும் குடுத்திருப்பாங்க, ப்ளேட்டை அந்தப் பாதத்துல மாட்டுங்க. கேமராவுல மாட்டுனா எடை பூரா முன்னாடி சாஞ்சு, லென்ஸ் கேமராவோட சேர்ற மவுண்ட் மேல விழுது.

இனி வைக்கிற விதம். பாம்பன்ல நடந்ததைச் சொல்றேன். 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் தொறந்த பிறகு, நடுவுல நேரா மேல தூக்குற அந்த 72.5 மீட்டர் நீளப் பகுதியை சாயங்கால வெளிச்சத்துல எடுக்கணும்னு பக்கத்து ரோட்டுப் பாலத்துல நடைபாதையில நின்னேன். என் ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டு, 32 எம்எம் கால். 2 செகண்டு எக்ஸ்போஷர். முதல் படம் பாத்தா தூக்குக் கோபுரத்தோட கம்பி எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு. ஸ்க்ரீன்ல நேரடியா தெரியற லைவ் வியூவ பத்து மடங்கு ஜூம் பண்ணி வச்சுக்கிட்டு சும்மா ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு நின்னேன். ராமேஸ்வரம் பஸ் ஒண்ணு பாலத்தோட இணைப்பு மேல டடக்குன்னு ஏறுச்சு, ஸ்க்ரீன்ல இருந்த விளக்கு அப்படியே குதிச்சுது, பஸ் போயி ஆறேழு செகண்டு ஆகியும் அது நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. பாலமே ஆடுது, ஸ்டாண்டு என்ன செய்யும்? ரெண்டு வண்டிக்கு நடுவுல வர்ற இடைவெளிக்குக் காத்திருந்து, விளக்கு அசையாம நின்ன பிறகு ரிமோட்டை அமுக்குனேன். நாப்பது நிமிஷத்துல கிடைச்சது மூணு படம். அன்னையில இருந்து எங்க ஸ்டாண்டு வச்சாலும் முதல்ல ஜூம் பண்ணி தரை அசையுதான்னு பாத்துட்டுத் தான் மத்த வேலை. கல்யாண மேடையும் இப்படித்தான், பலகை மேல கார்பெட் விரிச்சிருப்பாங்க, சொந்தக்காரங்க நாலு பேரு ஏறி எறங்குனா பலகை தாளம் போடும். மேடைக்குக் கீழ சிமெண்ட் தரையில வைங்க, கொழந்தைங்க ஓடுற பக்கமா காலை நீட்டி வைக்காதீங்க, கால் தட்டி கொழந்தையும் விழும் கேமராவும் விழும்.

காலை இழுக்கும்போது மேல இருக்கற தடிச்ச மடிப்பை முதல்ல இழுங்க, ஒல்லிக்கால் கடைசி. ஒரு கால் லென்ஸ் பாக்குற பக்கமா முன்னாடி இருக்கட்டும், எடை அதுமேல எறங்கும், நாமளும் ரெண்டு காலுக்கு நடுவுல நின்னுக்கலாம். சரிவுல ரெண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒண்ணு மேட்டுப் பக்கம். கையால ஷட்டரை அமுக்காதீங்க, ரிமோட் இல்லன்னா 2 செகண்டு டைமர் இருக்கு, பெரும்பாலான கேமராவுல இருக்கு, காசு இல்லாத வைத்தியம். உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர் கேமரா வச்சிருக்கறவங்க, அந்தக் கண்ணாடியை முன்னாடியே தூக்கி நிறுத்துற மிரர் லாக் போடுங்க, சுமார் 1/30ல இருந்து அரை செகண்டு வரைக்கும் தான் அந்தக் கண்ணாடி அடிக்கிற அடி படத்துல அதிகமா தெரியும், 20 செகண்டு எக்ஸ்போஷர்ல அது பெருசா தெரியாது. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்னா, ஷட்டர் தொறக்கற அதிர்வு வராம செய்யற எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டெய்ன் போடுங்க. அப்புறம் கை ஆட்டத்தை ஈடுகட்டுற ஸ்டெபிலைசேஷனை அணைச்சுடுங்க, புதுக் கேமரா சிலது ஸ்டாண்டுல இருக்கோம்னு தானா புரிஞ்சுக்கும், பழைய லென்ஸ் புரிஞ்சுக்காம இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட்டும்.

காத்து. தனுஷ்கோடியில அடிக்கிற காத்து தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். என் கூட வந்த தம்பி ஒருத்தன் ஒல்லி ஸ்டாண்டுல நடுக்கம்பிய முழுசா ஏத்தி கேமராவ வச்சுட்டு, வண்டியில இருந்து ஃபில்டர் எடுத்துட்டு வர பத்தடி தான் போனான். திரும்பிப் பாக்கறதுக்குள்ள கேமரா முகம் குப்புற மணல்ல, அலை வந்து நனைச்சுட்டுப் போயிருச்சு. கேமராவும் லென்சும் ரெண்டும் போச்சு, ஈஎம்ஐ இன்னும் ஆறு மாசம் பாக்கி இருந்துச்சு அவனுக்கு. அன்னைக்கு அவன் அழுததை நான் மறக்கல, இதை எழுத உக்காந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். காத்துல ஸ்டாண்டை விட்டு ஒரு எட்டு கூட நகராதீங்க. காலை அகட்டி, உயரத்தைக் கொறைச்சு, முட்டி போட்டு எடுங்க. கழுத்து வாரைக் கழட்டிடுங்க, இல்லன்னா சுருட்டிக் கட்டுங்க, அது கொடி மாதிரி படபடத்து கேமராவையே ஆட்டும். அடியில கொக்கி இருந்தா பையைத் தொங்க விடுங்க, ஆனா அந்தரத்துல தொங்குனா ஊஞ்சல் மாதிரி ஆடி இன்னும் கெடுக்கும், பையோட அடி தரையைத் தொட்டும் தொடாம இருக்கட்டும். ஈர மணல்ல காலை நல்லா அழுத்தி எறக்கிட்டுத் தான் ஃப்ரேம் வைக்கணும், ஒவ்வொரு அலையும் காலுக்கு அடியில மண்ணை அரிக்கும், முப்பது செகண்டு எக்ஸ்போஷர்ல ஸ்டாண்டு சத்தமில்லாம எறங்கிக்கிட்டு இருக்கும். இடி மின்னல் வந்தா மடக்கிட்டு வந்துடுங்க, அலுமினியம் மட்டும் இல்ல கார்பனும் கரண்டைக் கடத்தும்.

தஞ்சாவூர் பெரிய கோயில், மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை எடங்கள்ல ஸ்டாண்டு வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும். காவலர் கிட்ட சண்டை போடாதீங்க, அவங்க வேலை அது. அனுமதி இல்லாத நாள்ல நான் பச்சைப்பயறு நிரப்பின ஒரு துணிப்பை வச்சிருப்பேன், அவங்க சரின்னு சொன்னா சிற்பம் இல்லாத தரையில பையைப் போட்டு, கேமராவ அதுமேல அமுக்கி வச்சு 1/4 செகண்டு வரைக்கும் எடுத்திருக்கேன்.

கடலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி எவ்வளவு அசதியா இருந்தாலும் ஸ்டாண்டைக் கழுவாம படுக்காதீங்க. ஹெட்டைக் கழட்டித் தனியா வச்சுட்டு ஈரத்துணியால தொடைங்க, கால் மூணையும் முழுசா இழுத்து நல்ல தண்ணியில அலசுங்க. திருகுற லாக்கா இருந்தா ஒவ்வொண்ணையும் கழட்டி உள்ள இருக்கற பிளாஸ்டிக் துண்டு எந்தப் பக்கம் மாட்டியிருக்குன்னு போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டுக் கழுவுங்க. வாளித் தண்ணியில குழாயைக் கவுத்தா ஒரு கைப்பிடி மணல் வரும், ரெண்டாவது தடவை கவுத்தா இன்னும் கொஞ்சம் வரும். மணல் வர்றது நிக்கிற வரைக்கும் அலசி, நிழல்ல ஒரு நாள் காய விட்டு, மரையில துளி கிரீஸ் தடவி மாட்டுங்க, திருகும்போது கரகரன்னு சத்தம் கேட்டா உள்ள இன்னும் மணல் இருக்கு, மறுபடி கழட்டுங்க.