சொல் விளக்கம்: மொனிட்டரிங் – கண்காணிப்பு

பாதை வேலை பற்றிய கூட்டங்களில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் 'மொனிட்டரிங்'. கண்காணிப்பு என்பதே இதற்குச் சரியான தமிழ். ஆனால் மலையகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கங்காணிதான் முதலில் நினைவுக்கு வருவார்.

கண் + காண் + இ = கண்காணி. கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பவர் என்று பொருள். பேச்சில் கங்காணி ஆனது. (நிலத்தைக் குறிக்கும் காணி வேறு.) "கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்" என்கிறது திருமந்திரம். அங்கே கண்காணி என்பது எங்கும் கலந்து நிற்கும் இறைவன். தோட்டங்களிலோ ஆள் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்கியவரின் பதவிப் பெயர் அது. ஆங்கிலத்துக்குள்ளும் அப்படியே போனது. பெரிய கங்காணிக்குத் தன் கீழ் வேலைக்கு வந்த தலைகளின் கணக்குப்படி காசு. அவர் கண் ஆட்கள் மேல் இருந்தது. பாதைத் திட்டத்தில் கண் வேலையின் மேல் இருக்க வேண்டும்.

'மொனிட்டர்' இலத்தீனிலிருந்து வந்தது. எச்சரிப்பவர், நினைவூட்டுபவர் என்று பொருள். எனக்கு இந்த எச்சரிக்கைதான் முக்கியமாகப் படுகிறது. பக்கத்தில் நின்று அன்றாட வேலையை நடத்துவது மேற்பார்வை. முடிந்ததை எடைபோடுவது மதிப்பீடு. திட்டத்தில் எழுதிய அளவு, நாள், செலவு மூன்றோடும் நடக்கிற வேலையைத் தொடர்ந்து ஒப்பிட்டு, பிசகும்போதே சொல்வது கண்காணிப்பு.

காபட் (மேலே போடும் தார்க் கலவைத் தளம்) போட்ட அன்று எல்லாப் பாதையும் அழகுதான். அடியில் கல் அடுக்கு எவ்வளவு தடிப்பு, ரோலர் அதை இறுக்கியதா என்பதையெல்லாம் மூடுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். அடுக்கில் சிறு குழி தோண்டி, எடுத்ததை எடை பார்த்து, அடர்த்தி தெரிந்த மணலால் குழியை நிரப்பி இறுக்கத்தைக் கணக்கிடுவார்கள். தார்க் கலவை ஆறிப்போனால் ரோலர் எத்தனை தடவை ஓடியும் பயனில்லை. வளைவு வளைவாக ஏறி வரும் லொறியில் சூட்டை அளக்காமல் கலவையைக் கொட்ட விடக்கூடாது.

அப்புறம் தண்ணீர். மேட்டுப் பக்கத்துக் கானும் (வடிகால்) மதகும் சரியாக இல்லையென்றால் நல்ல காபட்டும் கரையோடு சரியும். பருவமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் பெருமழை. இரண்டு இடத்துக்கும் ஒரே வேலை அட்டவணை பொருந்தாது. மண் வெட்டும் வேலை ஒரு மாதம் பிந்தினால், சமவெளியில் அது பெரும்பாலும் தாமதத்தோடு போய்விடும். மலையில் வெட்டிய சரிவு மழையில் திறந்து கிடக்கும், மண்சரிவுக்கே வழியாகலாம்.

முன்னேற்ற அறிக்கையையும் கண்காணிப்பு அறிக்கையையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். எத்தனை கிலோமீற்றர் முடிந்தது என்பது முன்னேற்றம். எந்த இடத்தில் அடுக்கு மெலிந்தது, எந்தக் கான் இன்னும் வெட்டவில்லை, அதை யாரிடம் எந்தத் தேதியில் சொன்னோம், திருத்தினார்களா என்பவை இருந்தால்தான் அந்தத் தாளின் மேல் 'கண்காணிப்பு' என்று எழுதலாம்.