முழங்காலுக்கு இதமான சைக்கிள்: பின்சக்கரப் பல்லை எண்ணிப் பாருங்கள்

செங்கோட்டையில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். புளியரை, பண்பொழி, இலஞ்சியிலிருந்தும், மலைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் முட்டுவலி என்று ஆட்கள் வருகிறார்கள். என்ன வேலை, எவ்வளவு நேரம் குத்தவைத்து உட்காருகிறார்கள், வீட்டில் மாடிப்படி உண்டா என்றெல்லாம் விசாரித்த பிறகு சைக்கிள் ஓட்டுவீர்களா என்று கேட்பேன். ஆமாம் என்றால் அடுத்த முறை அந்த சைக்கிளிலேயே வரச் சொல்லிவிடுவேன்.

"அப்ப சைக்கிளை விட்டுரணுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விட வேண்டாம். சைக்கிளில் உடம்பின் எடையை சீட் தாங்கிக்கொள்கிறது. நடக்கும்போதும் படி இறங்கும்போதும் விழுகிற அதிர்ச்சி இதில் இல்லை. தொடைத் தசை பலப்படும், அந்தத் தசைதான் முட்டுக்குக் காவல். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாங்களே சைக்கிள் மிதிக்கச் சொல்கிறோம். கெடுதல் செய்வது அழுத்தி மிதிக்கிற பழக்கம். அதற்குக் காரணம் பெரும்பாலும் மிதிப்பவர் இல்லை, பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தில் இருக்கும் பல்லின் எண்ணிக்கை.

பால் ஊற்றும் அண்ணாச்சி ஒருவர் வலது முட்டின் முன்பக்கம் வலி என்று வந்தார். பழைய 28 அங்குல சைக்கிள், கேரியரின் இரண்டு பக்கமும் கேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார். பெடல் மேலே வரும்போது முட்டு வயிற்றை நோக்கி ஏறியது. அங்கிருந்து அழுத்த, தோள் ஒருபக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்தது. வண்டியை நிறுத்திப் பல்லை எண்ணினோம். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44, பின்னால் 18.

நம் ஊரில் ஓடும் கியர் இல்லாத சைக்கிள்களில் முன்னால் 44 அல்லது 48, பின்னால் 18 என்ற அமைப்பைத்தான் அதிகம் பார்க்கலாம். 44-க்கு 18 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். முட்டு நோகாமல் மிதிக்க, நிமிடத்துக்கு 60 சுற்றாவது கால் சுழல வேண்டும் என்பது நான் சொல்லும் அளவு. இந்த சைக்கிளில் 60 சுற்று வர வேண்டுமானால் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் போகணும். கேன் நிறையப் பாலோடு யார் அந்த வேகத்தில் போவார்கள்? 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கால் 31 சுற்றுதான் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முழு பலத்தையும் கொடுத்தாக வேண்டும். முட்டு மடங்கியிருக்கும் நிலையில் அப்படி அழுத்தும்போது, முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் பலமாக அமுங்குகிறது. முன்பக்க வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதோடு நம் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றாலைக்குப் பெயர்போன கணவாய்கள் தமிழ்நாட்டில் நான்கு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. ஆனி, ஆடியில் மேல்காற்று பிடித்தால் புளியரைப் பக்கம் போகிறவர்களுக்குச் சமதரையும் ஏற்றம்தான். காற்று கூடக்கூட எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். குற்றால சீசனில் ஊருக்கெல்லாம் குளிர்ச்சி, என்னிடம் முட்டுவலிக்காரர்கள் அதிகம்.

அண்ணாச்சிக்கு நான் எழுதிக்கொடுத்தது 22 பல் ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடும் அந்தப் பல்சக்கரம். சைக்கிள் கடையில் 20, 22 பல் உள்ளவை கிடைக்கும், இல்லாவிட்டால் வரவழைத்துத் தருவார்கள். 18-ஐ 22 ஆக்கினால் அதே ஏற்றத்துக்குப் பெடலில் கொடுக்கும் அழுத்தம் 18 சதவீதம் குறையும். ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் போனது 4.4 மீட்டராகும். 60 சுற்றுக்கு 16 கிலோமீட்டர் வேகம் போதும். பின்சக்கரத்தை அரை அங்குலம் முன்னால் தள்ளிப் பூட்ட இடமிருந்தால் பழைய செயினே போதும். இடமில்லையென்றால் செயினில் ஓர் அங்குலம் சேர்க்க வேண்டியிருக்கும். முழு செயின் கவர் உள்ள வண்டியில் பெரிய பல் உரசாமல் இருக்கிறதா என்று கடையிலேயே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி வந்து, "என்ன டாக்டரம்மா, சும்மா சுத்துது, வண்டி போக மாட்டேங்கு" என்றார். முதலில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். அழுத்தி மிதித்துப் பழகிய காலுக்கு, லேசாகச் சுற்றுவது வேலையே செய்யாதது மாதிரி இருக்கும். இறக்கத்திலும் காற்று பின்னாலிருந்து தள்ளும்போதும் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் முட்டுக்கு நோவு வருவது அந்த இடங்களில் இல்லை. உங்கள் பாதையிலேயே மோசமான இடம் எதுவோ, பாலத்து ஏற்றமோ, எதிர்காற்றோ, லோடு ஏற்றி வரும் தூரமோ, அந்த இடத்துக்குப் பொருந்துகிற பல்லைப் போடுங்கள்.

பல்லை மாற்றிவிட்டு சீட்டை அப்படியே விட்டால் பாதிப் பலன்தான். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். அப்புறம் விரல்களுக்குப் பின்னாலிருக்கும் உருண்ட பகுதியால் மிதித்தால் முட்டில் லேசான மடிப்பு மிஞ்சும். அதுதான் சரி. முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகமாக இருக்கலாம். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளைப் பிள்ளை படித்து முடித்ததும் அப்பா எடுத்து ஓட்டுகிற வீடுகள் நிறைய. சீட் மட்டும் வந்த நாளில் இருந்த உயரத்திலேயே நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், சீட் குழாயில் உள்ள எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டாம். விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் வயதானவர்கள் பெருவிரல் தரையைத் தொடும் அளவுக்காவது ஏற்றலாம்.

கியர் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கும் சிலது சொல்ல வேண்டும். 21 கியர் என்றதும் மயங்காதீர்கள். முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்பதில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம். முன்பக்க மாற்றி அடிக்கடி தகராறு செய்யும், பிறகு யாரும் தொடுவதில்லை. பெரிய பல்லிலேயே வருடக்கணக்கில் ஓடும். அதற்குப் பதில் இப்படி ஒன்றைப் பாருங்கள்: முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், 36 பல் வாக்கில். பின்னால் ஏழு, 14-இல் தொடங்கி 34 வரை. கியர் மாற்ற ஒரு கைப்பிடி, ஒரே கம்பி. 26 அங்குலச் சக்கரத்தில் இதன் மிக லேசான கியரில் 60 சுற்று சுற்றினால் மணிக்கு 8 கிலோமீட்டர், நடையைவிடச் சற்று வேகம். புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவைக்கூட உட்கார்ந்தபடியே ஏறலாம். ஏற்றம் தொடங்கும் முன்னாலேயே கியரை இறக்குங்கள். அழுத்தம் ஏறிய பிறகு மாற்றினால் செயினும் கத்தும், முட்டும் கத்தும்.

லேசான கியரில் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே ஒருகாலத்தில் அந்த நினைப்பு இருந்தது. செயினை மாற்றும் கியருக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1937-இல்தான். இன்று மலையேறும் பந்தய வீரர்களும் லேசான கியரில்தான் மிதிக்கிறார்கள்.

முட்டு வீங்கியிருந்தால், மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், சிவந்து சூடாக இருந்தால் சைக்கிள் கடைக்குப் போகாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் நாளைக்கே பல்லை எண்ணலாம். வால்வு இருக்கும் இடத்தை நேராக வைத்துக்கொண்டு ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து எண்ணி வாருங்கள். எண்ணும்போதே செயினைத் தொட்டுப் பாருங்கள். சாரலில் நனைந்து துருவேறியிருந்தால் துடைத்து எண்ணெய் விடுங்கள். காய்ந்த செயினோடு 22 பல்லும் கனமாகத்தான் இருக்கும்.