பழைய மாடல் இன்ஜினுக்குப் புதுக் கொக்கி

கும்பகோணத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய அமெரிக்க மாடல் ரயில் இன்ஜின் இன்னும் நன்றாக ஓடுகிறது. புதிதாகப் பெட்டிகள் வாங்கினேன். இன்ஜினோடு மாட்டவே மாட்டேன் என்கின்றன. எல்லாம் ஒரே அளவுதானே, ஏன் இப்படி?"

அளவு ஒன்றுதான். இரண்டுமே எச்ஓ, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. கொக்கிதான் வேறு. அவர் அனுப்பிய படத்தில் இன்ஜினின் மூக்கில் இருப்பது பழைய பிளாஸ்டிக் கொம்புக் கொக்கி. 1950-களில் பிறந்த இந்த வகைக்கு எக்ஸ்2எஃப் என்று பெயர். மலிவு என்பதால் அமெரிக்க மாடல்களில் பல பத்தாண்டுகள் இதுவே ஓடியது. இரண்டு கொம்புகளும் மோதும்போது பக்கவாட்டில் விலகி, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இழுக்கும்போது தொந்தரவு இல்லை. பின்னோக்கித் தள்ளினால்தான் சிக்கல்: விலகிய கொக்கியின் ஸ்பிரிங், ரயில் பெட்டியைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டே இருக்கும். வளைவில் அந்த நெருக்கு சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றிவிடும், பெட்டி தடம் புரளும்.

புதுப் பெட்டிகளில் இருப்பது நக்கிள் கப்ளர், அதாவது மடக்கிய விரல்போன்ற தாடை கொண்ட இணைப்புக் கொக்கி. இதன் அசலைப் பார்க்க நம் ஊரை விட்டு எங்கும் போக வேண்டாம். நீடாமங்கலத்தில் நெல் ஏற்ற வரும் சரக்கு ரயில் ஷண்டிங் அடிக்கும்போது கேட் மூடியிருக்கும், எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். அப்போது இரண்டு வேகன்களுக்கு நடுவே பாருங்கள். ஆளுக்கு நான்கு விரல்களை மடக்கி, ஒருவர் கையில் மற்றவர் கோத்து இழுப்பதுபோல இரண்டு இரும்புத் தாடைகள் கோத்திருக்கும். வேகனின் ஓரத்தில் ஒரு கம்பிக் கைப்பிடி தெரியும். அதைத் தூக்கினால் உள்ளே தாடையின் வாலைத் தடுத்து நிற்கும் பூட்டுக் கட்டை மேலெழும், தாடை திறக்கும். மறுபடி மோதும்போது தாடை உள்ளே மடங்கும், கட்டை தன் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் உதவி எதுவும் வேண்டாம், புவியீர்ப்பு போதும்.

அமெரிக்காவில் ஜவுளிக் கடை எழுத்தராக இருந்த ஈலை ஜேனி 1873-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அங்கே வேகன்களுக்கு நடுவே நின்று கையால் வளையத்தில் ஆணி செருகிய தொழிலாளர்கள் எத்தனையோ பேர் விரலையும் உயிரையும் இழந்தார்கள். தானாகப் பூட்டும் கப்ளரை 1893-இல் அந்த நாடு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது.

இதையே விரல் நகம் அளவுக்குச் சுருக்கினால் புவியீர்ப்பு கைகொடுக்காது, கட்டையின் எடை ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால் மாடலில் தாடையை மூடி வைப்பது மெல்லிய ஸ்பிரிங். மோதும்போது தாடைகளின் சரிவான முகங்கள் வழுக்கி, விலகி, 'டிக்' என்று கோத்துக்கொள்ளும். சரி, கை வைக்காமல் கழற்றுவது எப்படி? எனக்கு இந்தக் கப்ளர் மேல் தீராத பிரியம் வந்ததே இந்த இடத்தில்தான்.

தாடைக்குக் கீழே வளைந்து தொங்கும் எஃகுக் கம்பி ஒன்று இருக்கும். பார்க்க அசல் வண்டியின் பிரேக் காற்றுக் குழாய் மாதிரியே தெரியும். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு தட்டைக் காந்தம்: அதன் வடதுருவம் ஒரு தண்டவாளத்தை ஒட்டி, தென்துருவம் மற்றதை ஒட்டி. எதிரெதிரே பார்க்கும் கப்ளர்களின் கம்பிகள் நடுக்கோட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் தொங்குவதால், ஒன்றை இந்தத் துருவமும் மற்றதை அந்தத் துருவமும் இழுக்கும். தாடைகள் திறந்துவிடும்.

அப்படியானால் ஓடும் ரயில் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் அறுந்துவிடாதா? அறுந்து போகாது. இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்வரை தாடைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும், அந்த உராய்வைக் காந்தத்தால் வெல்ல முடியாது. காந்தத்தின் மேல் நிறுத்தி, இன்ஜினைத் துளி பின்னுக்கு நகர்த்தி லூஸ் கொடுத்தால்தான் கழலும். இன்னும் ஒரு அழகு உண்டு. கழன்றதும் இன்ஜினைச் சற்று முன்னே எடுத்து, மறுபடி பின்னுக்குத் தள்ளுங்கள். காந்தம் கப்ளர்களை விலக்கிப் பிடித்திருப்பதால் அவை கோக்காமல் பக்கம் பக்கமாக ஒட்டி நிற்கும். அப்படியே காந்தத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். வேண்டிய இடத்தில் நிறுத்தி இன்ஜினை விலக்கினால் பெட்டி அங்கேயே நிற்கும், கப்ளர்கள் நடுவுக்குத் திரும்பிவிடும். மின்சுற்று கிடையாது, சிப் கிடையாது. ஒரு காந்தம், ஒரு கம்பி, கொஞ்சம் உராய்வு, அவ்வளவுதான்.

பள்ளி ஆய்வகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் திரைகள் வாங்குவதற்கு முன் இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொன்மலை பணிமனை இருக்கிற வட்டாரம் இது. கழித்துப் போட்ட கப்ளர் ஒன்றைக் குறுக்கே வெட்டி, பூட்டுக் கட்டை விழுவது தெரியும்படி ஒவ்வொரு ரயில் அருங்காட்சியகத்திலும் வைக்கலாம்.

இனி வாசகரின் இன்ஜின். பழைய கொக்கியைக் கழற்றிவிட்டு, அது இருந்த சின்னக் கூட்டுக்குள் புதியதைப் பொருத்துவது சின்ன ஸ்குரூ டிரைவர் வேலை. கவனம் வேண்டியது உயரத்தில். அசல் அமெரிக்க வண்டியில் கப்ளரின் மையம் தண்டவாளத்துக்கு மேல் 34.5 அங்குலம். 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே மேடு பள்ளத்தில் ஒரு தாடை மற்றதிலிருந்து நழுவிவிடும். இதற்கென்றே உயர அளவி விற்கிறார்கள், கண்ணை நம்பாமல் அதை வாங்கிவிடுங்கள். தாழ்ந்திருந்தால் மெல்லிய வாஷர் வையுங்கள். கீழே தொங்கும் கம்பி தண்டவாளத்தைத் தொட்டால், பாதை பிரியும் இடத்தில் கட்டாயம் சிக்கும். இடுக்கியால் லேசாக மேலே வளையுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போடலாம்.

அப்புறம், இதை மறக்க வேண்டாம். பல பழைய இன்ஜின்களில் உலோக அடிச்சட்டமே ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமக்கும். அப்படிப்பட்ட இரண்டு இன்ஜின்களை எதிரெதிர்த் திசையில் திருப்பி உலோகக் கப்ளரால் கோத்தால், ஒரு சட்டம் இடது தண்டவாளத்தோடும் மற்றது வலது தண்டவாளத்தோடும் சேர்ந்து நேராக ஷார்ட் ஆகிவிடும். அங்கே பிளாஸ்டிக் கப்ளரைப் போடுங்கள், அல்லது உலோகக் கப்ளரைப் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.

மாமா கொடுத்த பழைய பெட்டிகளும் இருக்குமானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் மட்டும் ஒரு முனையில் பழைய கொம்பையும் மறுமுனையில் புது நக்கிளையும் வைத்து, அதை இன்ஜினுக்கு அடுத்து ஓடவிடுங்கள். மற்றதைக் கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.