போர்ச் செலவா, போர் நிலுவையா?

வட்டிக்கடைப் பேரேட்டில் ஒரு தொகையைச் ‘செலவு’ என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் போனதுதான். அதற்கு வட்டி ஓடாது, அதைக் கேட்டு யார் வீட்டுக்கும் போக முடியாது. அதே தொகையைப் ‘பற்று’ என்று எழுதினால் அது ஒருவர் பேரில் நிற்கும், நாள்தோறும் வளரும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெட்டியடியில், அதாவது வட்டிக்கடைப் பணப்பெட்டியின் அருகில், உட்கார்ந்து கணக்குப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘காஸ்ட் ஆஃப் வார்’ என்பதற்கு நம் செய்தித்தாள்கள் எழுதும் ‘போர்ச் செலவு’ பாதிக் கணக்குதான் என்பதும் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

‘செல்’ என்ற வினையடியில் பிறந்தது செலவு. முதலில் இதற்குப் பணத்தோடு உறவே கிடையாது. போதல், பயணம் என்பதே பொருள். ‘செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்’ என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் அடுக்கும்போது செலவு என்பது போவது, வரவு என்பது வருவது. (நான்கு சொல்லும் இன்றைக்குக் கணக்குப்பிள்ளையின் மேசையில் இருப்பவை போலத் தோன்றுவது ஒரு வேடிக்கை.) பாலைத்திணையில் தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குச் ‘செலவழுங்குதல்’ என்று பெயர். பணம் கைவிட்டுப் போவதைக் குறித்தது பிறகு வந்த வழக்கு. ஆகவே பழைய பொருளில் பார்த்தால் ‘போர்ச் செலவு’ என்பது போருக்குப் புறப்பட்டுப் போவதுதான்.

‘காஸ்ட்’ என்ற சொல்லின் கதை இதற்கு நேர் எதிர். அது லத்தீன் ‘கான்ஸ்டாரே’யிலிருந்து வந்தது, ‘சேர்ந்து நிற்றல்’ என்பது அடிப்பொருள். ஒரு பொருள் இந்த விலையில் நிற்கிறது என்ற வழக்கிலிருந்து இன்றைய பொருள் கிளைத்தது. அவர்கள் சொல் நிற்கிறது, நம் சொல் போகிறது. நிற்பதற்கு நம்மிடம் இருக்கும் கணக்குச் சொல் நிலுவை. அதுவும் ‘நில்’ என்ற அடியில் வந்ததே.

இந்த வேறுபாடு கணக்கில் எவ்வளவு பெரிது என்பதற்கு அமெரிக்காவின் பயங்கரவாத எதிர்ப்புப் போர்கள் போதும். 2001 செப்டம்பருக்குப் பின் நடந்த போர்களுக்கு ஆன தொகையை பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2021இல் சுமார் 8 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 5.8 லட்சம் கோடி போனது, உண்மையான செலவு. மீதி 2.2 லட்சம் கோடி இனிமேல் கொடுக்க வேண்டியது: ஊனமுற்ற, நோயுற்ற முன்னாள் படைவீரர்களுக்கு 2050 வரை ஆகும் மருத்துவமும் உதவித்தொகையும். போன தொகைக்குள்ளேயே ஒரு லட்சம் கோடிக்குமேல் வெறும் வட்டி. புதிதாக வரி போடாமல் கடன் வாங்கியே இந்தப் போர்களை நடத்தியதால், துப்பாக்கி ஓய்ந்தாலும் வட்டி ஓயாது. 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான கடைசி ஓய்வூதியம், ஒரு வீரரின் மகளுக்கு மாதம் 73.13 டாலராக, 2020இல் அவர் இறக்கும்வரை போய்க்கொண்டிருந்தது.

நிலுவைக்கு இன்னொரு பக்கமும் உண்டு: வர வேண்டியது வராமல் நிற்பது. செட்டிநாட்டுக்கு இது பர்மாக் கணக்கு. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அங்கே உழவர்களுக்குக் கடன் கொடுத்த செட்டியார் வட்டிக்கடைகளின் கையில் இருந்தது 6 விழுக்காடு நிலம். நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல், ஈடாக இருந்த நிலமெல்லாம் கடைக்கே வந்து சேர்ந்ததில் 1938க்குள் அது 25 விழுக்காடு ஆனது. (நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய உழவனின் இழப்பு இந்தப் பேரேட்டில் ஏறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. போர் முடிந்தபோதும் பத்திரம் இருந்தது, நிலம் கையில் இல்லை. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஐந்தொகையில், அதாவது சொத்து-கடன் அறிக்கையில், சொத்தாக நின்ற தொகை வாராக்கடன் ஆனது இப்படித்தான்.

உயிர்க்கணக்கில்தான் சொற்கள் மிகவும் தடுமாறுகின்றன. குண்டிலும் துப்பாக்கியிலும் இறந்தவர்களை ‘நேரடிச் சாவு’ என்கிறோம். மேலே சொன்ன குழுவின் மதிப்பில் 2021 வரை சுமார் 9 லட்சம். மருத்துவமனை இடிந்து, குடிநீர் கெட்டு, பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் 36 முதல் 38 லட்சம் என்பது 2023இல் வந்த மதிப்பு. இவர்களை ‘மறைமுகச் சாவு’ என்று எழுதுவது பொருந்தாது; இதில் மறைவு ஒன்றும் இல்லை. ‘பின்விளைவுச் சாவு’ சரி. 1942இல் பர்மாவை விட்டு ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் அரக்கான், மணிப்பூர் வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் காலராவும் மலேரியாவும் பசியும் கொண்டுபோன பல்லாயிரம் பேரும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவர்கள்.

‘இழப்பீடு’ என்ற சொல்லையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். இழப்பு, ஈடு இரண்டும் சேர்ந்தது. இழந்ததற்குச் சமமானதை இடுவது என்பது அதன் பொருள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தன் தாக்குதலில் இறந்த பொதுமக்களின் குடும்பத்துக்கு அமெரிக்கப் படை ஓர் உயிருக்குப் பொதுவாக 2,500 டாலர் வரை கொடுத்தது, தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே. அதை இழப்பீடு என்று எழுதினால் சொல்லுக்கே அவமானம். நிலம் எடுப்புச் சட்டத்தில் ‘சொலேஷியம்’ என்பதற்கு நம் தாலுகா அலுவலகத் தமிழ் வைத்திருக்கும் ‘ஆறுதல் தொகை’ இங்கே கச்சிதம்.

‘போரின் விலை’ என்று தலைப்புப் போடுகிறார்களே, அது வேண்டாம். விலை என்றால் வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்தது. குண்டு விழுந்த வீட்டுக்காரரிடம் யாரும் பேரம் பேசவில்லை. கொடுத்து முடித்த பணத்துக்குப் போர்ச் செலவு, கடன், வட்டி, ஓய்வூதியம் என்று கொடுக்க வேண்டியதற்குப் போர் நிலுவை, உயிருக்கும் உடைமைக்கும் போர் இழப்பு என்று பிரித்து எழுதலாம். மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டிப் போடும் இடத்தில் ‘போர்க் கணக்கு’ என்றால் போதும்.

எண்ணைத் தமிழாக்கும்போது ஒரு எச்சரிக்கை: பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. டிரில்லியனை ‘ஆயிரம் கோடி’ என்று எழுதிவிட்டால் தொகை நூறில் ஒரு பங்காகிவிடும். 8 டிரில்லியன் வெறும் 8,000 கோடியாகச் சுருங்கி அச்சேறும்.