அடியிலிருந்து உப்பு ஏறும் ஏரி

பாஸ்குன்சாக் ஏரியில் கோடைக்காலத்தில் இறங்கினால் பல இடங்களில் கணுக்கால் நனைந்தாலே அதிகம். காலுக்கடியில் சேறு இருக்காது, கல்லாக இறுகிய உப்புத்தான் இருக்கும். செருப்பில்லாமல் நடந்தால் பாதத்தைக் கீறிவிடும். பழைய காலத்தில் உப்பு அள்ளியவர்கள் நட்ட மரக்கட்டைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் படும் மட்டத்தில் ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் காலிஃபிளவர் பூத்த மாதிரி உப்பு மண்டிக் கிடக்கும்.

தெற்கு ரஷ்யாவின் அஸ்திரகான் பகுதியில், வோல்கா ஆற்றுக்குக் கிழக்கே, மரமே இல்லாத ஸ்டெப்பிப் புல்வெளியில் இருக்கிறது இந்த ஏரி. நீர்மட்டம் கடல் மட்டத்துக்குச் சுமார் 21 மீட்டர் கீழே. தண்ணீர் உள்ளே வரும், வெளியேற வழி கிடையாது. மழையும் குறைவு; வெயில் உறிஞ்சுவதோ அதைவிடப் பல மடங்கு.

சரி, போக்கிடம் இல்லாத ஏரி உப்புக் கரிக்கத்தானே செய்யும்? அது பாதி விடைதான். சாதாரணமாக அப்படிப்பட்ட ஏரிகளில் ஆறுகள் துளித்துளியாகக் கொண்டுவரும் உப்பு சேர்ந்துகொண்டே போகும். பாஸ்குன்சாக்குக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. அதன் உப்புக் கிடங்கே பூமிக்கடியில் இருக்கிறது.

சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தில், இங்கே இருந்த கடல் வற்றி மிகத் தடிமனான உப்புப் படிவத்தை விட்டுச் சென்றது. அதன்மேல் மண்ணும் களிமண்ணும் சுண்ணாம்பும் படிந்தன. ஆழம் கூடக்கூட மற்ற படிவுகள் நசுங்கி அடர்த்தியாகும். உப்பு அப்படி நசுங்காது. ஒரு கட்டத்தில் மேலே இருக்கும் பாறையைவிட அடியில் இருக்கும் உப்பு லேசாகிவிடும். போதாக்குறைக்கு, அத்தனை எடைக்கு அடியில் உப்பு கல்லைப் போல நடந்துகொள்வதில்லை. இடியாப்ப உரலில் அழுத்திய மாவைப் போல, பலவீனமான இடம் பார்த்து மிக மெதுவாக மேலே பிதுங்கும். இப்படி உண்டான உப்புக் குவிமாடங்கள், இந்த ஏரி இருக்கும் காஸ்பியன் தாழ்நிலத்தில் ஆயிரத்துக்கும் மேல்.

ஏரிக்கரையில் நிற்கும் போல்ஷோயே பொக்தோ மலையும் இந்தப் பிதுங்கலின் வேலைதான். உயரம் சுமார் 150 மீட்டர்தான் என்றாலும், தட்டையான அந்த வெளியில் வெகு தொலைவிலேயே கண்ணில் படும். அதன் சரிவில், பெர்மியனுக்கு அடுத்து வந்த டிரயாசிக் காலக் கடலுயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஆழத்தில் கிடந்த பாறையை உப்பு தோளில் தூக்கி வந்திருக்கிறது. கல்மிக் பௌத்தர்களுக்கு இது புனித மலை.

உப்பு மேலேறிய இடத்தில் மலை. உப்பு விலகிப்போன பக்கத்தில் நிலம் அமுங்கிப் பள்ளம். அந்தப் பள்ளம்தான் ஏரி. நிலத்தடி நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு ஊற்றுகளாகக் கரையில் கசிந்து ஏரிக்கு வருகிறது.

அப்புறம் வருடாந்திரச் சுழற்சி. வசந்தத்தில் பனி உருகி வரும் நீர் மேல் உப்பைக் கொஞ்சம் கரைக்கும். கோடையில் நீர் ஆவியாக, புதுப் படலம் படியும். அதற்கு ரஷ்யர்கள் வைத்த பெயர் நொவசாத்கா, அதாவது புதுப்படிவு. அடியில் இறுகிய பழையது ஸ்தரசாத்கா.

உப்பு எடுக்க ஏரியின் மீதே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் அடிப்படிவத்தை வெட்டி, பக்கத்தில் நிற்கும் ரயில் பெட்டிகளில் கொட்டும். வெட்டிய அகழியில் அடர்ந்த உப்புநீர் நிரம்பும். மூழ்க முயன்றாலும் முடியாத அந்த நீரில் ஆட்கள் மல்லாந்து மிதப்பார்கள். நாளடைவில் அகழியின் ஓரத்திலிருந்து மறுபடி உப்பு வளரத் தொடங்கும்.