கிரீன் கார்டுக் குழந்தைக்கு மெடிகெய்ட்: ஐந்தாண்டுத் தடையும் அரசு தரும் பணமும்

அமெரிக்காவுக்குச் சட்டப்படி குடிவந்த குடும்பம் பிள்ளைக்கு மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கேட்டால், "கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகணும்" என்ற பதில் வருவதுண்டு. பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. பிள்ளைகளுக்குப் பல மாநிலங்களில் தவறு.

1996 ஆகஸ்ட் 22-இல் கையெழுத்தான நலத்திட்டச் சட்டம்தான் இந்தத் தடையைக் கொண்டுவந்தது. அதன்பின் வந்தவர்களுக்கு முதல் ஐந்தாண்டு மெடிகெய்டில் மத்திய அரசின் பணம் கிடையாது. அகதிகளுக்கு விலக்கு இருந்தது. ஐந்தாண்டு என்பது விமானம் இறங்கிய நாளிலிருந்து அல்ல, கிரீன் கார்டு கிடைத்த நாளிலிருந்து. எட்டு வருடம் எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருந்த பிள்ளைக்கும் கணக்கு அன்றுதான் தொடங்கும். சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு இந்தப் பிள்ளைகளைக் காத்துவந்தன.

2009 பிப்ரவரியில் சிப் என்னும் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, தடையை நீக்கிக்கொள்ளும் உரிமை மாநிலங்களுக்குக் கிடைத்தது. சட்டப்படி தங்கியிருக்கும் பிள்ளைகளை மெடிகெய்டில் 21 வயதுக்குள்ளும், சிப் திட்டத்தில் 19 வயதுக்குள்ளும் சேர்க்கலாம். மத்திய அரசு தன் பங்கைத் தரும். மெடிகெய்டை விட்டுவிட்டுச் சிப்பில் மட்டும் சேர்க்க அனுமதி இல்லை. அந்தச் சட்டத்துக்கான பணம் பெரும்பாலும் புகையிலை வரியிலிருந்து வந்தது: சிகரெட் பாக்கெட்டுக்கு 39 சென்டாக இருந்த மத்திய வரி 1.01 டாலர் ஆனது.

பணக்கணக்கு இப்படி. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,000 டாலர் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாநிலம் தனியாகச் சுமந்தால் 3,000 டாலரும் அதன் கையிலிருந்து. மெடிகெய்டில் மத்திய அரசின் பங்கு குறைந்தபட்சம் 50 விழுக்காடு, ஆகவே மாநிலத்துக்கு 1,500. சிப்பில் குறைந்தபட்சம் 65 விழுக்காடு, மாநிலத்துக்கு 1,050. மெடிகெய்டில் மத்தியப் பணத்துக்கு உச்சவரம்பு இல்லை, சிப்பில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டு ஒதுக்கீடு உண்டு. தடையை வைத்துக்கொண்ட மாநிலமும் செலவிலிருந்து தப்புவதில்லை. வருமானத் தகுதி இருந்தால் உயிராபத்தான அவசர சிகிச்சைக்கு மெடிகெய்ட் பணம் தந்தே ஆகவேண்டும். இன்ஹேலருக்குக் கிடைக்காத பணம், மூச்சுத்திணறி ஆம்புலன்ஸில் வரும் இரவுக்குக் கிடைக்கிறது. குழந்தைக்கும் அது கேடு, கஜானாவுக்கும் கேடு.

கிரீன் கார்டுக்குப் பொறுப்பேற்று ஸ்பான்சர் செய்த உறவினருக்கு ஒரு பயம் இருக்கும்: நாளை அரசு தன்னிடம் பணம் கேட்குமோ என்று. தடையை நீக்குவதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்ட 2009 விதியின்கீழ் சேர்ந்த பிள்ளையின் செலவு ஸ்பான்சர் மீது கடனாக ஏறாது; சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. அவருடைய வருமானமும் கணக்கில் வராது, அவர் அதே வீட்டுப் பெற்றோராக இருந்தால் தவிர.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட மாநிலங்கள் இந்த விருப்ப விதியை ஏற்றிருக்கின்றன. 2010-இல் மத்திய அரசு தந்த விளக்கப்படி, செல்லுபடியான எச்-4 விசாவில் மாநிலத்திலேயே குடியிருக்கும் பிள்ளையும் இதில் அடக்கம். வேலை போன வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்: மெடிகெய்ட் புதிய விண்ணப்பத்துக்கு நடப்பு மாத வருமானத்தைப் பார்க்கிறது, போன வருடச் சம்பளத்தை அல்ல. நியூ ஜெர்சியில் வறுமைக்கோட்டின் 355 விழுக்காடு வரை வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைகள் சேரலாம்.

விண்ணப்பத்துக்குப் பருவம் இல்லை, எந்த நாளும் போடலாம். பிள்ளையின் கிரீன் கார்டு, அல்லது பாஸ்போர்ட்டுடன் ஐ-94 என்னும் வருகைப் பதிவு, விசா நீட்டிப்பு நிலுவையில் இருந்தால் குடியேற்றத் துறை தரும் ஐ-797 ரசீது, வருமானச் சான்று, முகவரிச் சான்று எடுத்துவையுங்கள். ஐ-94 காலாவதியாகி ரசீதும் இணைக்காத விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். தனக்குக் காப்பீடு கேட்காத பெற்றோர் தம் குடியேற்ற நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எச்-4 பிள்ளைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை என்பதற்காக மறுக்கவும் கூடாது. குடியேற்ற நிலையின் கணினிச் சரிபார்ப்பு இழுத்தால், ஆவணம் தர 90 நாள் அவகாசம் உண்டு. மற்றத் தகுதிகள் சரியாக இருந்தால் அதுவரை காப்பீடு நடக்க வேண்டும். 19 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேர்ந்தபின் வருமானம் ஏறினாலும் 12 மாதம் நீக்க முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். 2025 ஜூலைச் சட்டம், 2026 அக்டோபர் 1 முதல் மத்தியப் பணம் பெறும் குடியேறிகளின் பட்டியலைச் சுருக்குகிறது. புதுப்பிக்கும்போது பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மாநில அலுவலகத்தில் கேளுங்கள். இன்னும் கிரீன் கார்டு வராதவர்களுக்கு 'அரசுக்குச் சுமை' என்ற சோதனை உண்டு. 2022 விதியில் பிள்ளையின் சாதாரண மெடிகெய்ட் அதில் சேராது. ஆனால் 2025 நவம்பரில் அந்த விதியைக் கைவிடும் முன்மொழிவு வந்தது, ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாண்டு ஆகவில்லை என்று மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். உறையைப் பிரித்தவுடன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.