ஒற்றை இரகக் காவா: சொல் விளக்கம்

காவாத் தூள் விற்பவர்கள் இப்போது பொதியின் மீது தீவின் பெயரோடு நிறுத்தாமல், 'சிங்கிள் கல்ட்டிவார்' என்ற அடைமொழியையும் அச்சிடுகின்றனர். இதைத் தமிழில் 'ஒற்றை இரகக் காவா' என்று சொல்வதே பொருந்தும்.

காவா என்பது பசிபிக் தீவுகளில் வேரை இடித்து நீரில் பிசைந்து வடித்துக் குடிக்கும் பானத்துக்கும், அந்த வேரைத் தரும் செடிக்கும் பொதுவான பெயர். தொங்கா மொழியில் இச்சொல்லுக்குக் கசப்பு என்ற பொருளும் உண்டு. ஹவாயில் அது 'அவா', பிஜியில் 'யங்கோனா'. தாவரவியலில் பைப்பர் மெதிஸ்டிக்கம் எனப்படும் இச்செடி, மிளகு, வெற்றிலை, திப்பிலி ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. பைப்பர் என்ற அப்பேரினப் பெயரே திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்ற சொல்லிலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாக வந்தது.

'கல்ட்டிவார்' என்பது அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1923-இல் உருவாக்கிய சொல். 'பயிரிடப்பட்ட' என்பதையும் 'வகை' என்பதையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகளைச் சேர்த்து அவர் இதை ஆக்கினார். மனிதர் தேர்ந்தெடுத்து, தனித்த பண்புகள் மாறாதவாறு பெருக்கிக் காத்துவரும் செடிகளையே இது குறிக்கும். காட்டில் தானே தோன்றும் வேறுபாட்டைத் தாவரவியல் 'வகை' என்கிறது. 'இனம்' என்பதோ அதற்கும் மேல்நிலைப் பிரிவு. ஆகவே 'ஒருவகைக் காவா', 'தனியினக் காவா' என்ற மொழிபெயர்ப்புகள் இரண்டும் பொருளைத் திரித்துவிடும். நம் உழவரும் வேளாண் துறையினரும் கரிமுண்டா, பன்னியூர் 1 போன்ற மிளகுக் கொடிகளைக் குறிக்க வழங்கும் 'இரகம்' என்ற சொல்லே இங்கு சரியானது. 'ரக்கம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாயினும், அது தமிழ் வயலில் வேரூன்றிவிட்ட சொல். அதை விலக்கிப் புதுச்சொல் ஆக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

காவாவுக்கு இச்சொல் மற்றப் பயிர்களைவிட ஆழமாகப் பொருந்துகிறது. காவாச் செடி விதை தராது. தண்டை வெட்டி நட்டே அதைப் பெருக்க வேண்டும் என்பதால், ஓர் இரகத்தின் செடிகள் அனைத்தும் ஒரே தாய்ச்செடியின் மறுபதிப்புகள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வாறு தெரிந்தெடுத்துக் காத்த இரகங்கள் 80-க்கும் மேல். பெந்தகோஸ்துத் தீவின் 'பொரொகு', அம்பேத் தீவின் 'மெலோமெலோ' ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. ஹவாயின் 'மஹாகேயா', 'ஹீவா' ஆகியவையும் இவ்வாறே தனிப்பெயரோடு விற்கப்படுகின்றன.

இரகத்துக்கு இரகம் மாறுவது சுவை மட்டுமன்று. குடிப்பவருக்கு அமைதியும் மந்தமும் தருபவை வேரிலுள்ள காவாலாக்டோன்கள் என்ற வேதிப்பொருள்கள். அவற்றுள் முதன்மையான ஆறுக்கு 1 முதல் 6 வரை எண்ணிட்டு, மிகுதியாக உள்ளதிலிருந்து இறங்குவரிசையில் எழுதுவது ஆய்வாளர் வழக்கம். காவாயின் என்பதன் எண் 4. அன்றாடக் குடிப்புக்கு உகந்த 'நோபிள்' இரகங்களில் அது மேலோங்கி நிற்பது வழக்கம்; 25 அல்லது 52 என்று தொடங்கும் வரிசை பெரும்பாலும் 'டூடே' இரகத்தைக் காட்டும். டூடே என்பது வனுவாட்டின் பிஸ்லாமா மொழியில் 'இரண்டு நாள்'. குடித்தவரின் மந்தம் மறுநாளும் நீடிப்பதால் வந்த பெயர். இவற்றை நற்காவா, இருநாள் காவா என்று தமிழாக்கலாம். 'உயர்குடிக் காவா' என்று எழுதுவது செடிக்குப் பொருந்தாத சமூக நிழலைச் சேர்க்கும்.

இரகங்களைக் கலந்து அரைத்த தூளில் எது எவ்வளவு என்று கண்ணால் அறிய முடியாது. கல்லீரல் பாதிப்பு குறித்த அச்சத்தால் ஜெர்மனி 2002-இல் காவா மருந்துகளின் உரிமத்தை நீக்கிய பின் (2014-இல் நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது), எந்தச் செடி, எந்தப் பகுதி என்ற கேள்வி கூர்மையடைந்தது. அதே 2002-இல் வனுவாட்டு காவாச் சட்டம் இயற்றி, இருநாள் காவா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஒற்றை இரகத்துக்கான சந்தை வளர்வதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம்.

'ஓரிடக் காவா' என்பதோடு இதைக் குழப்பக் கூடாது; ஒரே தீவில் விளைந்த தூளிலும் பல இரகங்கள் கலந்திருக்கலாம். இரகப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இடுவது பன்னாட்டு முறை என்பதால், தமிழிலும் "ஒற்றை இரகக் காவா, 'பொரொகு', பெந்தகோஸ்துத் தீவு" என்று இரகத்தையும் இடத்தையும் பிரித்தே எழுத வேண்டும்.